ஏரிக்குக் கீழே குடிபோகிறவர்களுக்கு

பட்டணத்தை விட்டுவிட்டுக் கிராமத்தில் கொஞ்சம் நிலம் வாங்கிக் குடும்பத்தோடு போய்விடலாம் என்று நினைப்பவர்களின் பேச்சு பெரும்பாலும் நிலத்தைச் சுற்றியே இருக்கிறது. சென்ட் என்ன விலை, ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம், கிணறு உண்டா இல்லையா. ஆனால் நிலம் வாங்குவது பத்திரப்பதிவோடு முடிந்துபோகிற காரியம். அதற்குப் பிறகு வீட்டில் எத்தனை மணிக்கு எழுவது, யார் எங்கே போவது, விருந்தாளி வந்தால் யார் கழனிக்குப் போவது என்பதையெல்லாம் தீர்மானிப்பது தண்ணீரும் கரண்டும் பள்ளிக்கூடமும் பஸ்ஸும்தான். காஞ்சிபுரத்துக்குத் தெற்கே இருக்கும் ஐயங்கார்குளத்தையும் அதைச் சுற்றியுள்ள உத்திரமேரூர்ப் பக்கத்து ஊர்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு இதைச் சொல்கிறேன். மண்ணும் மழையும் வேறாக இருக்கும் ஊர்களுக்குக் கணக்கும் வேறாகும்.

முதலில் தண்ணீர். விஜயநகர அரசர் வேங்கடபதி காலத்தில் காஞ்சியில் செல்வாக்கோடு இருந்த லட்சுமிகுமார தாதாசாரியார் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் ஊர் ஐயங்கார்குளம். கடல் போலப் பரந்த நீர்நிலை, அதை ஒட்டிச் சஞ்சீவிராயர் கோயில், பக்கத்தில் படி இறங்கிப் போகும் நடவாவிக் கிணறு. சித்திரா பௌர்ணமிக்குக் காஞ்சி வரதர் இந்தக் கிணற்றுக்குள் இருக்கும் மண்டபத்துக்கு எழுந்தருள்கிறார். அதற்காக முன்கூட்டியே தண்ணீரை இறைத்து வெளியேற்றுகிறார்கள். வெயில் காயும் சித்திரையிலும் இறைத்தால்தான் மண்டபம் தெரியும் என்பதைப் பக்தர்கள் ஒரு விதமாகப் பார்ப்பார்கள். நிலம் வாங்க வருகிறவர் இன்னொரு விதமாகப் பார்க்கலாம்: மேலே நீர் தேங்கும் இடம் இருந்தால்தான் கீழே கிணறு ஊறும்.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். ஒரு ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். மதகைத் திறந்தால் வாய்க்கால் வழியாக ஆயக்கட்டுக் கழனிகளுக்குப் போகும். ஆக, நீங்கள் வாங்கும் நிலம் ஏரிக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. மதகுக்கு அருகில் இருந்தால் தண்ணீர் முதலில் வரும். கடைமடையில் இருந்தால் மேலே இருப்பவர்கள் பாய்ச்சி முடித்த பிறகுதான் உங்கள் முறை. மழை குறைந்த ஆண்டில் அந்த முறை வராமலே போகலாம். கரைக்கு உட்புறம் இருக்கும் நிலம் மலிவாக வரும், பார்ப்பதற்கும் கரிசல் போலக் கறுத்துச் செழிப்பாக இருக்கும். அது உள்வாய் நிலம். ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் தண்ணீரில் நிற்கும். ஏரியின் எல்லைக்குள்ளேயே இருந்தால் 2007-ஆம் ஆண்டு ஏரிப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஆக்கிரமிப்பு என்று எடுத்துவிடவும் முடியும்.

ஊர்ப் பெரியவர் யாரையாவது பிடித்துக் கேட்டால் அவர் பட்டாவைப் பற்றிப் பேச மாட்டார். "தண்ணி எங்கேர்ந்து வருது, எங்க போவுது, அதப் பாருங்க மொதல்ல" என்பார். இதைப் பார்க்க ஒரே வழி, வடகிழக்குப் பருவமழை பெய்துகொண்டிருக்கும்போது போய் நிற்பது. பங்குனியில் போய்ப் பார்த்தவருக்கு எல்லா நிலமும் நல்ல நிலமாகவே தெரியும். அந்த மழைக்காலத்தில் ஊருக்குள் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துச் சம்பா பயிர் முடியும் வரை இருந்து பார்ப்பது, எனக்குத் தெரிந்தவரை, எந்த நிலத் தரகரின் உறுதியையும்விட நம்பகமானது.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தமிழ்நாட்டில் விவசாயி அல்லாதவரும் விவசாய நிலம் வாங்கலாம். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தராது. பட்டா, சிட்டா, புலப்படம் மூன்றையும் இணையத்திலேயே பார்க்கலாம். முப்பது வருட வில்லங்கச் சான்றும் மூலப்பத்திரமும் இல்லாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். கூட்டுப் பட்டா என்றால் பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். காஞ்சிக் கோயில்களுக்குச் சுற்று வட்டாரத்தில் நிலங்கள் ஏராளம் என்பதால் சர்வே எண் கோயில் நிலத்துடையதா என்பதைப் பார்த்தே ஆக வேண்டும். விற்பவர் காணிக் கணக்கில் பேசினால் குழம்ப வேண்டாம்: ஒரு காணி 100 குழி, ஏறக்குறைய 132 சென்ட். புலப்படத்தில் வண்டிப்பாதை இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்துக் கழனிக்காரர் நல்லவர் என்பதால் நடந்து போகும் வரப்பு, அவர் பிள்ளை காலத்தில் வேலியாகிவிடும்.

வீட்டைக் கழனி நடுவில் கட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். நான் வேண்டாம் என்பேன். நஞ்சையில் வீடு கட்ட ஊராட்சி, நகர் ஊரமைப்பு என்று அனுமதிகள் வாங்க வேண்டும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் குடும்பம். இரவு எட்டு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கூப்பிடு தூரத்தில் ஆள் வேண்டும். மாமியார் பேசுவதற்குத் திண்ணை வேண்டும். பிள்ளைகளுக்குத் தெருவில் சேக்காளிகள் வேண்டும். ஊர் நத்தத்தில் சின்னதாக ஒரு வீடு, நடந்துபோகும் தூரத்தில் கழனி. காலங்காலமாக இந்த ஊர்கள் அப்படித்தான் அமைந்திருக்கின்றன.

அடுத்தது கரண்ட். விவசாயப் பம்புசெட்டுக்கு 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம். புது இணைப்புக்குச் சாதாரண வரிசையில் பதிந்தால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரும் என்பதால் இணைப்பு உள்ள நிலத்தை வாங்கிப் பெயர் மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம். அந்த இணைப்பிலிருந்து வீட்டுக்கு ஒயர் இழுப்பது குற்றம், வீட்டுக்குத் தனி இணைப்பு வேண்டும். மும்முனை மின்சாரத்தை முறை வைத்து விடும் இடங்களில், உங்கள் முறை நடுராத்திரி என்றால் நடுராத்திரிதான் மோட்டார் ஓடும். செல்போனில் இயக்கும் ஸ்டார்ட்டர் வந்த பிறகு மோட்டாரைப் படுத்தபடியே போடலாம். மடை மாற்ற மட்டும் ஆள் எழுந்துதான் போக வேண்டும். அலுவலக வேலையை வீட்டிலிருந்து பார்க்கும் கணவன் காலை ஒன்பது மணிக் கூட்டத்தில் கொட்டாவி விடுவது இதனால்தான்.

காலை நேரத்தில் ஒரு வேடிக்கை நடக்கும். நீங்கள் விவசாயம் செய்ய ஊருக்குள் வந்திருப்பீர்கள். விடிவதற்குள் ஊர்ப் பையன்கள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸில் ஏறி வெளியே போய்க்கொண்டிருப்பார்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் மிஞ்சுவது ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள். அவர்களும் நூறு நாள் வேலை நடக்கும் நாட்களில் வர மாட்டார்கள், வராததில் தப்பும் இல்லை. ஆகவே நடவுத் தேதியை நாள்காட்டியில் குறிப்பதைவிட, ஆள் கூட்டிவரும் அம்மாவிடம் ஒரு வாரம் முன்னே சொல்லி வைப்பது முக்கியம். அவரை "இந்தாம்மா" என்று கூப்பிடாமல் "அக்கா" என்று கூப்பிட்டால் வேலை சீக்கிரம் நடக்கும். அறுவடைக்கு மிஷின் வந்துவிடும். மழை மேகம் கட்டிய அன்று எல்லோருக்கும் ஒரே மிஷின்தான் வேண்டும் என்பது தனிக் கதை.

பள்ளிக்கூடம் பற்றித்தான் பெற்றோர்களுக்கு அதிக பயம். ஊரில் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளியை ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 2023 ஆகஸ்ட் முதல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய். நடுவில் ஓரிரு வருடம் தனியார் பள்ளிக்கு மாற்றினால் இந்தத் தகுதிகள் போய்விடும். இதைத் தெரியாமல் எட்டாம் வகுப்பில் மாற்றிவிட்டு வருந்துகிறவர்கள் உண்டு. காஞ்சிபுரத்துக்குப் போய்வரச் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் கிடையாது. பஸ் வரும் நேரம்தான் கணக்கு. அதைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

இனிச் சாப்பாட்டுக் கணக்கு. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ அரிசி என்று தாராளமாக வைத்தாலும் வருடத்துக்கு ஐந்நூற்றைம்பது கிலோவுக்குள் அடங்கும். நெல்லாகப் பார்த்தால் எண்ணூறு, எண்ணூற்றைம்பது கிலோ. சுமாரான விளைச்சலிலேயே அரை ஏக்கர் போதும். மிச்ச நிலத்து நெல்லை விற்க வேண்டும். 2025-26 பருவத்தில் சாதாரண ரகத்துக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய், மாநில ஊக்கத்தொகை சேர்ந்து 2,500. இரண்டு ஏக்கர் நெல்லை இந்த விலையில் பெருக்கி, உழவு, நடவு, உரம், மிஷின் வாடகையைக் கழித்துப் பாருங்கள். அதில் வீட்டுக் கடனும் கல்லூரிக் கட்டணமும் கட்ட முடியாது. ஆகவே வீட்டில் ஒருவருடைய சம்பளம் தொடரும்படி பார்த்துக்கொண்டு போவதே நல்லது. பிரதமர் கிசான் உதவித்தொகையும் 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு விலைக்கு நிலம் வாங்கியவர்களுக்குக் கிடையாது. ஆனால் சிறு, குறு விவசாயி சான்று வாங்கினால் சொட்டு நீர்ப் பாசனத்துக்கு முழு மானியம் உண்டு. ஏரி வண்டல் மண்ணையும் வட்டாட்சியர் அனுமதியோடு இலவசமாக அடித்துக்கொள்ளலாம். புதிதாக வருகிறவர்கள் முதல் வருடம் செய்ய வேண்டிய உருப்படியான வேலை இந்த வண்டல் அடிப்புதான்.

நெல்லை விட்டு வேறு திசையில் போனவர்களும் இருக்கிறார்கள். ராமநாதபுரம் மாவட்டம் கமுதிப் பக்கம் வல்லந்தையில் பஞ்சாபிலிருந்து வந்த விவசாயிகள் 2007 வாக்கில் கருவேலங்காடாகக் கிடந்த நிலத்தை வாங்கி, மாவும் கொய்யாவும் தென்னையும் வைத்துத் தோட்டமாக்கினார்கள். பேச்சு மொழி கூடத் தெரியாமல் வந்து நிலைத்தவர்கள். ஆனால் அவர்கள் பரம்பரை உழவர்கள், பல பேராகச் சேர்ந்து நூற்றுக்கணக்கான ஏக்கரில் இறங்கியவர்கள். ஐயங்கார்குளத்தில் ஒரு காணி வாங்கும் வங்கி ஊழியர் தன்னை அவர்களோடு ஒப்பிட்டுக்கொள்ளக் கூடாது.

மாடு வாங்குவதை முதல் வருடம் தள்ளிப்போடுங்கள். காலை ஒரு கறவை, மாலை ஒரு கறவை. மைத்துனன் கல்யாணம் திருச்சியில் என்றாலும் பசுவுக்கு அது தெரியாது. குடும்பத்தில் ஒருவர் நிரந்தரமாக வீட்டில் தங்க வேண்டி வரும், அந்த ஒருவர் பெரும்பாலும் பெண்ணாகத்தான் இருப்பார். கிராமத்துக்கு வந்து சந்தோஷமாக இருக்கிறோம் என்று சொல்லும் வீடுகளில் யார் சொல்கிறார் என்று கவனித்தால் இது புரியும். நாலு கோழியோடு ஆரம்பிக்கலாம். கீரி அதில் இரண்டைக் கொண்டுபோகும்.

பாம்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நாகம், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் நான்கும் இந்தப் பக்கத்தில் உண்டு. வரப்பில் கண்ணாடி விரியனுக்குப் பயப்பட வேண்டும், அதற்கு டார்ச்சும் பூட்ஸும் போதும். வீட்டுக்குள் பயப்பட வேண்டியது கட்டுவிரியனுக்கு. ராத்திரியில் எலியைத் தேடி வந்து, தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியும் இருக்காது, வீக்கமும் பெரிதாக இருக்காது. காலையில் வயிற்று வலி என்று எழுந்து, கண் இமை சொருகும்போதுதான் தெரியும். கட்டிலில் படுங்கள், கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகுங்கள், நெல் மூட்டையைப் படுக்கையறையில் வைக்காதீர்கள். கடித்தால் கயிறு கட்டுவதோ கீறுவதோ வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே ஏற்றும் விஷமுறிவு மருந்துக்கான விஷம், மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது.

மனிதர்கள் பற்றி ஒன்று. ஊரில் முதல் வாரமே "எந்த ஊரு, யாரு வூட்டுப் புள்ள?" என்று கேட்பார்கள். கேள்வியின் அடியில் சாதி இருக்கும். ஊர்த்தெரு, காலனி என்ற பிரிவும் இருக்கும். உங்கள் வீடு எந்தப் பக்கம் அமைகிறது, யார் உங்கள் வீட்டுக்குள் வருவதை மற்றவர்கள் கவனிக்கிறார்கள் என்பது சீக்கிரமே புரியும். எல்லோருக்கும் ஒரே டம்ளர், ஒரே திண்ணை என்று முதல் நாளே வைத்துவிட்டால் நல்லது. பிறகு மாற்றினால் சண்டையாகும்.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலையில் பெயர் எழுதக் கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் கட்டிய வீடும் வேண்டும் என்கின்றன. தேர்ந்தவர்களில் ஆறு பேருக்கு ஏரி வாரியம். இன்றைக்குக் கிராம சபைக்குப் போக நிலமும் வேண்டாம், மனையும் வேண்டாம், வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு கூட்டம். வாடகை வீட்டுக்கு வந்த உடனே ரேஷன் கார்டையும் வாக்காளர் அட்டையையும் மாற்றிவிட்டு, மார்ச் 22 கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். உலகத் தண்ணீர் நாள் என்பதால் ஏரி, வாய்க்கால் பேச்சு வரும். எந்த மதகு பழுது, எந்த வாய்க்காலை யார் அடைத்திருக்கிறார், யாருக்கும் யாருக்கும் பேச்சு இல்லை என்பதெல்லாம் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.