சாயம் பூசாத பார்வை

ஆவடிப் பக்கம் ஒரு சின்ன லேப். சளி தடவிய ஸ்லைடின் மேல் கார்பால் ஃபியூக்ஸினை ஊற்றி, அடியில் நெருப்புக் காட்டி, அமிலத்தால் கழுவி, கடைசியில் நீலம் போடுகிறார் டெக்னீஷியன். 'சாயம் போடாம பாத்தா என்ன சார் தெரியும்?' என்று கேட்டேன். 'ஒண்ணும் தெரியாது. தண்ணியப் பாக்கற மாதிரிதான்' என்றார். 1880களிலிருந்து காசநோய்க் கிருமியை இப்படிச் சிவப்பாக்கித்தான் பிடிக்கிறார்கள்.

அவர் சொன்னது சரி. செல்லில் பெரும்பகுதி நீர். ஒளி பாட்டுக்கு ஊடுருவிப் போய்விடும். சாயம்தான் அதைப் பார்வைக்குரிய பொருளாகக் கட்டமைக்கிறது. அதற்கு விலையும் உண்டு, சாயமேறிய திசு பெரும்பாலும் செத்த திசு. மருத்துவப் பார்வை பற்றி 1963இல் எழுதிய ஃபூக்கோ, பார்ப்பதற்கும் சொல்வதற்குமான உறவைத்தான் நோண்டினார். ஆனால் அவர் எடுத்துக்கொண்ட காலம் செயற்கைச் சாயங்களுக்கு முந்தியது. அதனாலோ என்னவோ, இந்தப் பக்கம் யாரும் அதிகம் போகவில்லை.

பூசாமல் பார்க்க வழி உண்டா? அம்பத்தூர் எஸ்டேட்டில் பழைய ஃபிட்டர்கள் ஸ்குரூ டிரைவரின் நுனியை மெஷின்மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக்கொள்வார்கள். பிரிக்காமலே எந்த பேரிங் போச்சு என்று சொல்லிவிடுவார்கள். மூலக்கூறுகளும் அதிர்கின்றன. கார்பனும் ஹைட்ரஜனும் பிணைந்திருக்கும் இடம் நொடிக்குச் சுமார் 87 லட்சம் கோடி தடவை நீண்டு சுருங்குகிறது. கேட்பதற்கான காது ஒளி என்பதைக் கல்கத்தாவில் 1928 பிப்ரவரி 28இல் ராமன் காட்டினார், கே. எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து. (1930இல் நோபல் ஒருவருக்குத்தான், வத்திராயிருப்புக்காரர் வெளியே நின்றார்.) ஒரே நிற ஒளியைப் பாய்ச்சினால், சிதறுவதில் ஒரு துளி நிறம் மாறி வருகிறது. எவ்வளவு மாறியதோ அதுவே மூலக்கூறின் சுருதி.

சுருதி என்பது அலங்காரத்துக்குச் சொன்னதல்ல. இதற்கு எட்டு வருஷம் முன்னால், 1920இல், சிவகாளி குமாரோடு சேர்ந்து ராமன் எழுதியது நம் தோல் வாத்தியங்களைப் பற்றி. மிருதங்கத்தின் கரணை, தோலின் நடுவில் பாரத்தை ஏற்றி அதன் மேல்சுரங்களை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. மூலக்கூறிலும் இதே மாதிரி பாரம் ஏற்றலாம். ஹைட்ரஜனுக்குப் பதில் இருமடங்கு கனமான டியூட்டிரியத்தை வைத்தால் சுருதி இறங்கி, செல்லின் மற்ற ஓசைகள் அதிகமில்லாத ஓர் இடத்தில் தனியாகக் கேட்கும். டியூட்டிரியம் கலந்த கொழுப்பு அமிலத்தை ஊட்டிவிட்டு, உயிரோடிருக்கும் செல் அதை எங்கே கொண்டுபோய் வைக்கிறது என்று பின்தொடர முடிகிறது.

சிக்கல் என்னவென்றால், அந்தத் துளி ரொம்பச் சின்னது. ஏறக்குறைய ஒரு கோடி ஒளித்துகளுக்கு ஒன்று. புள்ளி புள்ளியாகப் படம் எடுத்து முடிப்பதற்குள் செல் நகர்ந்துவிடும். 1962இல் லேசர் ஆய்வில் தற்செயலாக ஒன்று தட்டுப்பட்டது. இரண்டு லேசர்களின் அலைவெண் வித்தியாசத்தை மூலக்கூறின் சுருதிக்குச் சமமாக வைத்தால், ஊஞ்சலை அதன் போக்கிலேயே தள்ளுவதுபோல எல்லாம் ஒன்றாக ஆடத் தொடங்கும். ஒரு கற்றை கொஞ்சம் இழக்கும், இன்னொன்று பெறும். அந்த இழப்பை அளந்து படமாக்கும் நுண்ணோக்கியை ஹார்வர்டில் சன்னி ஷியேயின் குழு 2008இல் வெளியிட்டது. படம் எடுப்பது வீடியோ வேகத்தை எட்டப் பிறகு அதிக காலம் ஆகவில்லை.

அப்படியானால் இது 'கள்ளமற்ற' பார்வையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அலைவெண்ணை 2845இல் வைத்தால் கொழுப்பு தெரியும், 2930க்கு அருகில் புரதம் மேலோங்கும். எந்த எண்ணில் வைப்பது என்பதை முன்கூட்டியே நாம்தான் தீர்மானிக்கிறோம். கேட்காத கேள்விக்கு மூலக்கூறு பதில் சொல்வதில்லை.

இன்னொரு விஷயம் சுவாரஸ்யமானது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2017இல் மூளைக் கட்டித் திசுவை அறுவை அறையிலேயே, சாயமின்றி, சில நிமிடங்களில் இப்படிப் படமெடுத்தார்கள். ஆனால் நோயியல் மருத்துவர்களின் கண் ஊதாவுக்கும் இளஞ்சிவப்புக்கும் பழகிய கண். ஆகவே படத்தைக் கணினியில் போட்டு, பழைய ஹீமடாக்சிலின்–இயோசின் சாயம் பூசியதுபோலவே நிறமேற்றிக் காட்டினார்கள்.

ஆவடி டெக்னீஷியனிடம் இதைச் சொன்னேன். 'அப்ப கலர் இல்லாம அவங்களாலயும் முடியல' என்றபடி அடுத்த ஸ்லைடை எடுத்தார்.