காபிக்கு ஒரு குட்டை மேஜை

கூடத்து டீப்பாய் என்றால் நமக்கு மேலே கண்ணாடி, அதன் மேல் குரோஷா விரிப்பு, நடுவில் பூ ஜாடி. டென்மார்க், ஸ்வீடன் பக்கத்துப் பெண்கள் பார்த்தால், "மரத்தை எங்கே ஒளித்து வைத்தீர்கள்?" என்று கேட்டாலும் கேட்பார்கள்!

அங்கே மரமேதான் அலங்காரம். ஒரு பலகை, மூன்று அல்லது நாலு கால், அவ்வளவுதான். இதில் என்ன அழகு என்று தோன்றுகிறதா? ஸ்டாக்ஹோமில் டிசம்பர் கடைசியில் பகல் சுமார் 6 மணி நேரம்தான். அதனால்தான் ஓக், பீச், ஆஷ், பிர்ச் என்று வெளிர் மரங்களாகப் பொறுக்கி, சாயம் பூசாமல் விடுகிறார்கள். இருக்கிற வெளிச்சத்தில் கூடம் பளிச்சென்று இருக்கும். குளிருக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே காபியும் கையுமாக இருக்கிறவர்கள் ஆயிற்றே! ஸ்வீடனில் காபி குடிக்க உட்காருவதற்கு 'ஃபீகா' என்று தனிப் பெயரே உண்டு.

1950-களில் டென்மார்க்காரர்களை மயக்கிய மரம் எது தெரியுமோ? நமக்குப் பழக்கமான தேக்குதான். தாய்லாந்து போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் போயிற்று. ஹான்ஸ் வெக்னர் (1914–2007) என்பவர் செருப்புத் தைப்பவரின் மகன், தச்சுப் பட்டறையில் தொழில் பழகியவர். அவர் செய்த மேஜை ஒன்றில் பத்திரிகை வைக்கும் கீழ்த்தட்டு பிரம்புப் பின்னல். நம் வீட்டு ஈஸிசேர் மாதிரியே!

கைக்குழந்தை உள்ளவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். இந்த மேஜைகளின் உயரம் 40, 45 சென்டிமீட்டர். தத்தி நடக்கிற குழந்தை விழுந்தால் கூர்முனை நெற்றியில்தான் படும். ஸ்வீடனின் ஐக்கியா கம்பெனி 1956-ல் இலை வடிவத்தில் ஒரு மேஜை விற்றது. முனையே கிடையாது. ஆனால் மூன்றே கால். குழந்தை ஓரத்தைப் பிடித்துத் தொங்கினால் சாய்ந்துவிடும். என்னைக் கேட்டால், குழந்தை வளரும்வரை முனை மழுங்கிய நாலு கால் மேஜைதான் நல்லது.

பராமரிப்புக்கு வருவோம். கோபன்ஹேகனில் குடித்தனம் செய்யும் என் நாத்தனார் மகள் மேஜையைச் சோப்பு போட்டுத் துடைக்கிறாள். மரத்துக்குச் சோப்பா என்று எனக்கும் ஆச்சரியம்தான். சாயமும் வாசனையும் சேராத சோப்புச் சீவலை ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மூன்று மேஜைக்கரண்டி கரைத்து, துணியை ஒட்டப் பிழிந்து, மர ரேகை போகிற போக்கிலேயே துடைக்க வேண்டும். கறை இருக்கிற இடத்தை மட்டும் துடைத்தால் அங்கே திட்டு விழும். பலகை முழுவதும் துடைக்க வேண்டும். பிறகு உலர்ந்த துணியால் ஒற்றிவிட வேண்டும். காய்ந்ததும் சொரசொரப்பு தட்டினால் நைஸ் உப்புத்தாளால் லேசாக ஒரு தேய்ப்பு. சோப்பு மரத்துக்குள் இறங்கி, அழுக்கு ஊறாமல் தடுக்கிறது. வார்னிஷ் போட்ட பலகையில் கீறல் விழுந்தால் தச்சரைத்தான் கூப்பிட வேண்டும். இதை வீட்டுப் பெண்ணே சரிசெய்து கொள்ளலாம்.

இது வெளிர் மரத்துக்குத்தான். தேக்குக்கு எண்ணெய் தடவுவதே வழக்கம். ஆளி விதை எண்ணெய் தடவிய துணியை மட்டும் கசக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்துவிடுங்கள்.

2018-ல் ஐக்கியா ஹைதராபாத்தில் கடை திறந்தது. இந்த மாதிரி மேஜைகள் இப்போது நம் பக்கமும் கிடைக்கின்றன. எல்லாமே கட்டை மரம் என்று நினைத்துவிட வேண்டாம். மரத்தூள் பலகை மேல் மெல்லிய மரத்தோல் ஒட்டியதும் உண்டு, உள்ளே காகிதத்தைத் தேன்கூடு போல அடைத்ததும் உண்டு. இவற்றில் ஈரம் இறங்கினால் உப்பிப் போகும். வாங்கும்போது குனிந்து பலகையின் ஓரத்தைப் பாருங்கள். மேலே தெரிகிற ரேகை பக்கவாட்டிலும் தொடர்ந்து இறங்கினால் அது நிஜ மரம்.