கத்தியிலும் ஒரு படிப்பு, இறப்பரிலும் ஒரு படிப்பு

"இந்தக் கத்தி நல்லா நிக்குது, அந்தக் கத்தி ரெண்டு நாளிலேயே மழுங்கிப் போகுது." கவ்வாத்துக் காலத்தில் எந்த மலையிலும் கேட்கக்கூடிய பேச்சு இது. இரண்டும் இரும்புதான். பார்வைக்கும் ஒரே மாதிரிதான். அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது?

இந்த மாதிரிக் கேள்விக்கு விடை தேடுவதற்கென்றே பல்கலைக்கழகத்தில் ஒரு படிப்பு உண்டு. 'மெட்டீரியல்ஸ் சயன்ஸ் அன்ட் எஞ்சினியரிங்' என்று அதற்குப் பெயர். தமிழில் திரவியங்கள் பற்றிய விஞ்ஞானமும் பொறியியலும் எனலாம். 'இஞ்சினியருன்னா பாலம் கட்டுறவரு, மெஷின் பாக்குறவரு' என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். அந்தப் பாலத்தையும் மெஷினையும் எந்தப் பொருளால் செய்வது, அந்தப் பொருளை எப்படிப் பக்குவப்படுத்துவது, அது ஏன் உடைந்தது என்று பார்ப்பவரும் இஞ்சினியர்தான்.

முதலில் கத்தியையே எடுத்துக்கொள்வோம். கத்தி செய்யும் உருக்கில் இரும்போடு கொஞ்சம் காபன், அதாவது கரி, கலந்திருக்கும். உலையில் செக்கச் சிவக்கக் காய்ச்சும்போது, தண்ணீரில் சீனி கரைவது போல அந்தக் கரி இரும்புக்குள் கரைந்துவிடும். மெல்ல ஆறவிட்டால் கரி பிரிந்து தனியே சேரும். உருக்கு மிருதுவாகிவிடும். சட்டென்று தண்ணீரில் தோய்த்தால் கரி பிரிய நேரம் கிடைக்காது. உள்ளேயே மாட்டிக்கொண்டு இரும்பணுக்களை நெருக்கும். கத்தி மிகவும் கடினமாகும், ஆனால் சுலபமாக முறியும். அதனால்தான் கைதேர்ந்த கொல்லர் தோய்ச்சலுக்குப் பிறகு திரும்பவும் அளவாகச் சூடு காட்டிப் பதம் பார்க்கிறார். அவர் கண்ணால் பார்க்கும் பதத்தைப் பல்கலைக்கழகத்தில் வெப்பமானியாலும் நுணுக்குக்காட்டியாலும் அளந்து படிக்கிறார்கள்.

இறப்பர்த் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு உதாரணம். இறப்பர்ப் பாலில் உள்ளவை நூல் போல நீண்ட மூலக்கூறுகள். பாலைக் காயவைத்து அப்படியே பாவித்தால் வெயிலுக்குப் பிசுபிசுக்கும், குளிருக்கு விறைக்கும். 1839ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சார்ள்ஸ் குட்இயர் என்பவர், இறப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குறை நீங்கும் என்று கண்டார். கந்தகம் அந்த நூல்களுக்கு இடையே முடிச்சுப் போட்டுவிடுகிறது. இழுத்தால் நீளும், விட்டால் பழைய நிலைக்கு வரும். நம் நாட்டுக்கு இறப்பர்க் கன்றுகள் 1876இல் வந்தன. கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடை தோட்டத்தில் அவற்றை நட்டார்கள். இன்று இலங்கையில் செய்யும் டயர்களும் கையுறைகளும் வெளிநாடுகளுக்குப் போகின்றன. பால் வெட்டுவது நம் கைகள். அந்தப் பாலில் எதை எவ்வளவு சேர்ப்பது என்று தீர்மானிக்கும் இடத்திலும் நம் பிள்ளைகள் இருக்க வேண்டாமா?

லயத்துக் கூரைத் தகரத்தையும் பாருங்கள். இரும்புத் தகட்டின் மேல் நாகம் பூசியிருக்கிறார்கள். மழையும் காற்றும் முதலில் நாகத்தைத்தான் அரிக்கும். சிறு கீறல் விழுந்தாலும் பக்கத்திலுள்ள நாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். நாகம் தீர்ந்த பிறகே துரு இரும்பைப் பிடிக்கும்.

கேகாலை மாவட்டத்தில் போகலைச் சுரங்கத்திலும், குருநாகல் மாவட்டத்தில் கஹட்டகஹச் சுரங்கத்திலும் எடுக்கும் காரீயமும் வெறும் காபன்தான். பென்சிலுக்கும் அதுதான், கைத்தொலைபேசி பெற்றரிக்கும் அதுதான். 2004இல் மான்செஸ்டரில் இரண்டு விஞ்ஞானிகள் சாதாரண ஒட்டு நாடாவால் காரீயத்தை உரித்து உரித்து, ஒரே ஓர் அணுவின் கனமுள்ள படலத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் கிராபீன். அந்த ஆராய்ச்சிக்கு 2010இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் படிப்பு நம் நாட்டில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்தில் இருக்கிறது. நான்கு வருடப் பட்டம். தொடக்கத்தில் பொறியியல் மாணவர் எல்லோருக்கும் பொதுப் பாடங்கள். அதன்பின் பரீட்சைப் பெறுபேற்றையும் விருப்பத்தையும் பார்த்துத் துறை பிரிப்பார்கள். உலோகம், மட்பாண்டம், பிளாஸ்டிக், இறப்பர், இவை கலந்த கூட்டுப்பொருட்கள் என்று எல்லாமே பாடத்தில் வரும். தொழிற்சாலைப் பயிற்சியும் உண்டு. படித்தவர்கள் இறப்பர், ஓடு, பீங்கான், உருக்கு, கேபிள் தொழிற்சாலைகளில் தரம் பார்க்கவும், உடைந்த பாகம் ஏன் உடைந்தது என்று ஆராயவும் போகிறார்கள்.

இனி, பெற்றோர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டிய விஷயம். இந்த வாசல் பல்கலைக்கழகத்தில் திறப்பதில்லை. க.பொ.த. சாதாரண தரம் முடிந்து, உயர்தரத்துக்குப் பிரிவு எடுக்கும்போதே திறக்கிறது, அல்லது மூடுகிறது. பொறியியல் பீடத்துக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்றும் வேண்டும். பக்கத்துப் பாடசாலையில் கலைப்பிரிவு மட்டும் இருப்பதாலேயே கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை கலைப்பிரிவுக்குப் போனால், பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை. கணிதப் பிரிவு உள்ள பாடசாலை எங்கே இருக்கிறது, அங்கே தங்கிப் படிக்க என்ன வழி என்று, பெறுபேறு வருவதற்கு முன்பே அதிபரிடமும் ஆசிரியர்களிடமும் கேட்டு வையுங்கள்.

2013இல் தொடங்கிய உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவும் நல்ல பிரிவுதான். ஆனால் அது பொறியியல் தொழில்நுட்பப் பட்டத்துக்குப் போகும் பாதை. பெயர் ஒன்றுபோல இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

"செலவுக்கு எங்க போறது?" என்ற கேள்வி நியாயமானது. அரச பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்கு அனுமதி பெற்ற நம் நாட்டுப் பிள்ளைகளுக்குக் கற்பித்தற் கட்டணம் இல்லை. சாப்பாடு, தங்குமிடம், புத்தகச் செலவு உண்டு. அதற்கு உதவியாக 1981இல் ஆரம்பித்த மகாபொல புலமைப்பரிசிலும், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு உதவுதொகையும் இருக்கின்றன. அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடும் உண்டு. விண்ணப்பிக்கும் வருடத்துக்குரிய பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டை வாங்கி, ஆசிரியர் ஒருவரோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

இன்னொன்று ஆங்கிலம். உயர்தரத்தைத் தமிழில் எழுதலாம், ஆனால் பொறியியல் பீடத்தில் படிப்பு ஆங்கிலத்தில்தான். ஆறாம் வகுப்பிலிருந்தே நாளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால், அங்கே போய்த் திண்டாட வேண்டியதில்லை.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்தக் கணக்கு?" என்ற பேச்சையும் விட்டுவிடுவோம். எந்த இலை வங்கி, எந்தக் கொழுந்து பதம் என்று தொட்ட மாத்திரத்தில் சொல்லும் தாயின் மகள் அவள். பொருளின் பதம் அறியும் படிப்பு அவளுக்கும் உரியது.

இந்த வருடம் சாதாரண தரம் எழுதும் பிள்ளை வீட்டில் இருந்தால், இன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு கேள்வி கேளுங்கள்: "கணக்குல எத்தன மார்க்ஸ்? அடுத்து என்னா பிரிவு எடுக்கப் போற?" அந்தப் பேச்சை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள்.