வெளியே போகச் சொல்ல ஒரு கடை வேண்டும்

1987 அக்டோபர் 5, திங்கள்கிழமை இரவு. அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் அரை மணி நேர நகைச்சுவைத் தொடர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அட்லாண்டா நகரில் நான்கு பெண்கள் சேர்ந்து உள் அலங்கார நிறுவனம் நடத்துகிறார்கள். கெண்டல் என்ற இளைஞர் அவர்களைத் தேடி வருகிறார். அவரும் அதே தொழில்காரர். தனக்கு எய்ட்ஸ், நாள் அதிகமில்லை, தன் இறுதிச் சடங்கு நடக்கும் கூடத்தை நீங்கள்தான் அலங்கரித்துத் தர வேண்டும் என்று கேட்கிறார். அங்கே வந்திருந்த வசதியான வாடிக்கையாளர் அம்மாள் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, இந்த நோய் சாக வேண்டியவர்களைத்தான் கொல்கிறது என்கிறார். நிறுவனத்தின் தலைவி ஜூலியா ஷுகர்பேக்கர் கொதித்துப்போய் அந்த அம்மாளுக்குச் சுடச்சுடப் பதில் கொடுத்து வாசலைக் காட்டுகிறார்.

'டிசைனிங் விமன்' என்ற அந்தத் தொடரை இன்றும் பலர் நினைவில் வைத்திருப்பது ஜூலியாவின் இப்படிப்பட்ட பேச்சுகளுக்காகத்தான். ஆனால் அந்தப் பேச்சுக்கு அடியில் இருக்கும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கடை ஜூலியாவுடையது. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெண்ணாக இருந்திருந்தால், அந்த வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்டு உட்கார வைத்திருப்பார். இல்லாவிட்டால் மறுநாள் அவர் வேலையே போயிருக்கும். வருகிற பணத்தை வேண்டாம் என்று சொல்லும் உரிமை முதலாளிக்குத்தான் உண்டு. இந்தத் தொடரின் துணிச்சல் முழுவதும் அங்கிருந்துதான் பிறக்கிறது.

அந்த எபிசோட் வெளியான காலத்தையும் பார்க்க வேண்டும். எய்ட்ஸுக்கு முதல் மருந்தான ஏஇசட்டி அமெரிக்காவில் அனுமதி பெற்றது அந்த ஆண்டு மார்ச்சில். அதிபர் ரேகன் அந்த நோயைப் பற்றித் தனியாக ஒரு பெரிய உரை ஆற்றியது மே மாத இறுதியில். அந்த எபிசோடை எழுதியவர் தொடரை உருவாக்கிய லிண்டா பிளட்வொர்த் தாமசன். அவருடைய தாயார் மருத்துவமனையில் ஏற்றப்பட்ட ரத்தத்தின் வழியாக எச்.ஐ.வி தொற்றி 1986-இல் இறந்துபோனார். தாயாரோடு மருத்துவமனையில் இருந்தபோது தன் காதில் விழுந்த வாக்கியத்தைத்தான் அந்த வாடிக்கையாளரின் வாயில் லிண்டா வைத்தார். அதே எபிசோடில் அந்த நான்கு பெண்களில் ஒருவரான மேரி ஜோ, பள்ளியில் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று, பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு முறைகளைச் சொல்லிக்கொடுப்பது இனி பிறப்பைத் தடுக்கும் விஷயமல்ல, சாவைத் தடுக்கும் விஷயம் என்று வாதாடுகிறார். இதற்கு நடுவில் சிரிப்பும் வருகிறது. அந்த அரை மணி நேரத்தை அமெரிக்கத் தொலைக்காட்சி எழுத்தின் உச்சங்களில் ஒன்று என்று தயங்காமல் சொல்லலாம்.

தொடர் தொடங்கியது 1986 செப்டம்பர் 29 அன்று. ஷுகர்பேக்கர் அண்ட் அசோசியேட்ஸ் என்பது நிறுவனத்தின் பெயர். அலுவலகம் வேறெங்கும் இல்லை, ஜூலியாவின் வீட்டு முன்கூடமே அலுவலகம். துணி மாதிரிகள், சுவர்க் காகிதக் கட்டுகள், தொலைபேசி மேசை, நடுவில் சோபா. நாம் பார்க்கும் வீட்டின் வெளித்தோற்றம் அட்லாண்டாவில் எடுத்ததல்ல. ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் உள்ள வில்லா மார் என்ற 19-ஆம் நூற்றாண்டு வீடு அது.

டிக்ஸி கார்ட்டர் நடித்த ஜூலியா படித்தவர், கணவரை இழந்தவர், நாக்கு கூர்மையானவர். தங்கை சூசன் (டெல்டா பர்க்) முன்னாள் அழகிப் போட்டி வெற்றியாளர். பல திருமணங்கள் செய்து முடித்தவர், பன்றி வளர்ப்பவர், பணம் போட்ட பங்குதாரராக வந்து சோபாவில் உட்கார்வதையே வேலையாகச் செய்பவர். மேரி ஜோ (ஆனி பாட்ஸ்) கணவரை மருத்துவக் கல்லூரியில் படிக்க வைத்து, பிறகு அவரிடமிருந்து விவாகரத்துப் பெற்று, இரண்டு பிள்ளைகளோடு நிற்கும் அலங்காரக் கலைஞர். ஷார்லீன் (ஜீன் ஸ்மார்ட்) அலுவலக நிர்வாகி. லிண்டா பிறந்து வளர்ந்த மிசௌரியின் பாப்ளர் பிளஃப் ஊரிலிருந்தே வந்தவராகப் படைக்கப்பட்டவர்.

கதையை யோசித்துவிட்டு லிண்டா நடிகைகளைத் தேடவில்லை. நடிகைகளை முடிவு செய்துவிட்டுத்தான் கதைக்கு வந்தார். டிக்ஸி கார்ட்டரும் டெல்டா பர்க்கும் 1982-இல் அவர் எழுதிய 'ஃபில்தி ரிச்' தொடரில் நடித்தவர்கள். மற்ற இருவரும் அவருடைய 'லைம் ஸ்ட்ரீட்' தொடரில் தலைகாட்டியவர்கள். அந்த 'லைம் ஸ்ட்ரீட்'டில் நடித்துக்கொண்டிருந்தபோதுதான், சோவியத் தலைவர் ஆந்த்ரபோவுக்குக் கடிதம் எழுதி உலகப் புகழ் பெற்ற சிறுமி சமந்தா ஸ்மித் 1985-இல் விமான விபத்தில் இறந்தாள். அந்தத் தொடர் சீக்கிரமே நின்றது. அடுத்த ஆண்டு 'டிசைனிங் விமன்' வந்தது.

பெண்கள் தொழில் நடத்துவது அன்றைய அமெரிக்காவில் திரைக்கு வெளியே அத்தனை சுலபமாக இல்லை. கடன் கொடுப்பதில் பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்ற சட்டமே 1974-இல்தான் வந்தது. அதன் பிறகும் சில மாநிலங்களில் ஒரு பெண் தொழிற்கடன் கேட்டால் தந்தையோ கணவரோ சகோதரரோ உடன் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அந்த நிலையை முடிவுக்குக் கொண்டுவந்த பெண்கள் தொழில் உடைமைச் சட்டம் நிறைவேறிய ஆண்டு 1988. அப்போது ஷுகர்பேக்கர் சகோதரிகளின் மூன்றாவது சீசன் தொடங்கவிருந்தது!

ஆனால் அந்த மூன்றாவது சீசன் வருமா என்பதே ஒரு கட்டத்தில் சந்தேகமாக இருந்தது. திங்கள்கிழமையில் தொடங்கிய தொடரை சிபிஎஸ் முதல் சீசனிலேயே வேறு நாள்களுக்குத் தூக்கிப் போட்டது. பார்வையாளர் எண்ணிக்கை சரிந்தது. தொடரைக் கைவிடும் நிலை வந்தது. தரமான தொடர்களுக்காகக் குரல் கொடுத்துவந்த பார்வையாளர் அமைப்பு ஒன்று கடித இயக்கம் நடத்தியது. கடிதங்கள் வந்து குவிந்தன. தொடர் திங்கள் இரவுக்கே திரும்பியது. பின்னாளில் 'மர்ஃபி பிரவுன்' தொடரும் அதனோடு சேர, சிபிஎஸ்ஸின் திங்கள் இரவு பெண்களின் இரவாகவே ஆனது.

ஜூலியாவின் பேச்சுகளுக்கு அடித்தளம் போட்டது இரண்டாவது எபிசோட். புதிதாகப் பட்டம் வென்ற அழகி ஒருத்தி சூசனைப் பழைய ஆள் என்று கேலி செய்வது ஜூலியாவின் காதில் விழுகிறது. தங்கையோடு ஓயாமல் சண்டை போடும் அக்கா, அந்தப் பெண்ணை நிறுத்திவைத்துச் சூசனின் பெருமையைச் சொல்கிறார். அழகிப் போட்டி மேடையில் தீப்பற்றிய கோலைச் சுழற்றிச் சூசன் உயரே வீசியபோது அது மின்மாற்றியில் போய் இடித்து அரங்கமே இருண்டதையும், பன்னிரண்டாயிரம் பேர் எழுந்து நின்று பதினாறரை நிமிடம் கைதட்டியதையும் மூச்சு விடாமல் அடுக்குகிறார். சொல்லும் சங்கதி வேடிக்கையானது. டிக்ஸி கார்ட்டர் அதைச் சொன்ன விதத்தில் ஒரு போர்க்களத்தின் கம்பீரம் இருந்தது. திரையில் முற்போக்குக் கருத்துகளை முழங்கிய அவர் நிஜத்தில் குடியரசுக் கட்சிக்காரர். அப்படி ஓர் உரைக்கு ஈடாகத் தனக்கு ஒரு பாட்டு வேண்டும் என்று தயாரிப்பாளர்களிடம் உடன்பாடு செய்துகொண்டார். அதனால்தான் ஜூலியா அவ்வப்போது பாடுகிறார்.

டெல்டா பர்க்கின் கதை வேறு மாதிரி போனது. நடித்துக்கொண்டிருக்கையில் அவர் உடல் எடை கூடியது. மலிவுப் பத்திரிகைகள் வாரந்தோறும் அதையே எழுதின. 1989 டிசம்பரில் லிண்டா அதையே எபிசோடாக்கினார். பள்ளித் தோழர்கள் ஒன்றுகூடும் விழாவில், அதிகம் மாறிப்போனவர் என்ற பரிசைச் சூசனுக்குக் கேலியாகக் கொடுக்கிறார்கள். சூசன் அதை வாங்கிக்கொண்டு, அழாமல், மேடையில் நின்று பேசுகிறார். நடிகையின் சொந்த வலியும் பாத்திரத்தின் வலியும் பிரிக்க முடியாமல் கலந்த காட்சி அது. எம்மி விருதுக்கான பரிந்துரை அவருக்குக் கிடைத்தது, விருது கிடைக்கவில்லை. தயாரிப்பாளர்களோடு ஏற்பட்ட பகிரங்கமான மோதலுக்குப் பிறகு 1991-இல் அவர் தொடரிலிருந்து நீக்கப்பட்டார். திரையில் அவர் அந்தக் கடையின் பங்குதாரர். திரைக்கு வெளியே எந்த நடிகையையும் போல ஒப்பந்தத்துக்கு நடித்தவர்.

அதே சமயத்தில் ஜீன் ஸ்மார்ட்டும் விலகினார். ஜூலியா டஃபியும் ஜேன் ஹூக்ஸும் வந்தார்கள். அந்த ஆறாவது சீசனில்தான் லிண்டா தன் பெரிய சூதாட்டத்தை ஆடினார். உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்கு முன்மொழியப்பட்ட கிளாரன்ஸ் தாமஸ் மீது, அவரிடம் முன்பு வேலை பார்த்த அனிதா ஹில் பாலியல் சீண்டல் புகார் சொல்லி செனட் குழு முன் சாட்சியளித்தது 1991 அக்டோபரில். நவம்பர் 4 அன்று, நிஜ விசாரணையின் காட்சிகளையே சேர்த்து, ஷுகர்பேக்கர் கூடத்தில் அதைப் பற்றிய சண்டை ஒளிபரப்பானது. அவன்தான் செய்தான் என்ற வாசகம் போட்ட சட்டை மேரி ஜோவுக்கு. அவள் பொய் சொன்னாள் என்பது புதிய பங்குதாரர் அலிசனின் சட்டையில்.

குறை இல்லாத தொடரல்ல இது. நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தை நாம் அதிகம் பார்ப்பதில்லை. வேலை நடப்பதைவிட வேலையைப் பற்றிய பேச்சே மிகுதி. மெஷாக் டெய்லர் நடித்த அந்தோணி, செய்யாத குற்றத்துக்குச் சிறை சென்று வந்த கறுப்பின இளைஞர். ஆரம்பத்தில் அவர் சரக்கு இறக்குபவர் மட்டுமே. போகப் போகப் பங்குதாரராகவும் சட்ட மாணவராகவும் உயர்கிறார். அந்த உயர்வு முதல் சீசனிலேயே தொடங்கியிருக்கலாம்.

1992-இல் சிபிஎஸ் தொடரை வெள்ளிக்கிழமைக்கு மாற்றியது. பார்வையாளர்கள் அதனோடு போகவில்லை. 1993 மே 24 அன்று, 163 எபிசோடுகளோடு தொடர் முடிந்தது. டிக்ஸி கார்ட்டர் 2010-இலும் மெஷாக் டெய்லர் 2014-இலும் மறைந்தார்கள். ஜீன் ஸ்மார்ட் எழுபது வயதைத் தொட்ட பிறகு 'ஹேக்ஸ்' தொடருக்காகச் சிறந்த நகைச்சுவை நடிகைக்கான எம்மி விருதுகளை வென்றார். லிண்டாவோ, புதிதாக வந்த தலைமை தன் தொடர்களை சிபிஎஸ்ஸில் ஆண்டுக்கணக்கில் ஏற விடவில்லை என்று 2018-இல் கட்டுரை எழுதினார்.

பார்க்க விரும்புகிறவர்கள் முதல் சீசனின் இரண்டாவது எபிசோடையும் இரண்டாவது சீசனின் நான்காவது எபிசோடையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒன்று தங்கைக்காக, மற்றொன்று முன்பின் தெரியாத ஓர் இளைஞருக்காக. பிடித்துப்போனால் ஐந்தாவது சீசன் வரை தாராளமாகப் போகலாம். அதோடு நிறுத்திக்கொள்கிறவர்களும் ஆறாவது சீசனின் அந்த அனிதா ஹில் எபிசோடை மட்டும் தேடிப் பார்த்துவிடுங்கள்.