உங்களுக்குத் தெரியுமா? மணிக்கட்டில் லினக்ஸ்

2000ஆம் ஆண்டிலேயே ஐ.பி.எம். ஆய்வாளர்கள் ஒரு கைக்கடிகாரத்துக்குள் லினக்ஸ் இயங்குதளத்தை ஓட்டிக் காட்டிவிட்டார்கள். அந்த வேலையை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் சந்திரா நாராயணசாமி. நினைவகம் வெறும் 8 எம்.பி.; இன்றைய கைப்பேசிப் படம் நாலைந்துக்குக்கூட அது காணாது. மறுவருடம் சிட்டிசன் நிறுவனமும் சேர, ‘வாட்ச்பேட்’ பிறந்தது. கடைக்குத்தான் வரவில்லை.

இப்போது அக்குறணை தாண்டி அலவத்துகொடயில் யாருடைய மேசை லாச்சியிலாவது பழைய எல்.ஜி. ஜி வாட்ச் கிடந்தால், அதில் ஆஸ்டராய்டு ஓ.எஸ். என்ற கடிகார இயங்குதளத்தை ஏற்றலாம். அதன் 1.0 பதிப்பு 2018 மே மாதம் வந்தது. லினக்ஸ் அடித்தளம், இலவசம், மூலநிரலை யாரும் திறந்து பார்க்கலாம். வாட்சை சார்ஜ் தொட்டிலில் வைத்து, வயரைக் கணினியில் செருகி, முதலில் பூட்லோடரை, அதாவது இயங்குதளத்தைத் தொடக்கிவைக்கும் நிரலைத் திறக்கவேண்டும். அத்தோடு உள்ளே இருந்த தரவெல்லாம் அழிந்துவிடும். வேண்டியதை முன்பே எடுத்துவைப்பது புத்தி. தொட்டில் மின்சாரம் மட்டும் கடத்தி, தரவைக் கடத்தாத வாட்ச் என்றால் வேலை சிக்கல்தான். பின்பக்கத்தைக் கழற்றவேண்டி வரலாம்.

பெபிள் வாட்ச் வைத்திருப்போருக்கும் வழி பிறந்திருக்கிறது: அதன் இயங்குதள மூலநிரலில் பெரும்பகுதியை 2025 ஜனவரியில் கூகுள் பொதுவில் வெளியிட்டது.