வளையலா, டிரெய்லரா?

"பழகினால் டிரெய்லர்தான், மாமா!" என்கிறான் சங்ககிரியில் இருக்கும் என் தங்கை மகன். அவன் அம்மா நேற்றுத்தான் வளையலை அடகு வைத்துப் பணம் வாங்கி வந்திருக்கிறாள். "நீங்களே சொல்லுங்கள், அண்ணா. எந்த வண்டி பழகட்டும்?" என்று கேட்டாள்.

கனரக வண்டி பழக, கார் லைசென்ஸ் எடுத்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். வயதும் 20 நிறைந்திருக்க வேண்டும். பையனிடம் இரண்டும் இருக்கின்றன. பொறுமை ஒன்றுதான் இல்லை!

டிரெய்லரைப் பின்னுக்கு எடுப்பது தனி வித்தை. அது இடப்பக்கம் போக வேண்டுமானால் ஸ்டியரிங்கை முதலில் வலப்பக்கம் திருப்ப வேண்டும். அவன் அப்பாவிடம் காரியம் சாதிக்கிற மாதிரிதான். அதிலே பையன் கெட்டிக்காரன். டாங்கர் வேறு மாதிரி. பாதி நிறைந்த வண்டியில் பிரேக் போட்டால், உள்ளே திரவம் அலையாகப் புரண்டு வண்டியையே முன்னால் தள்ளும். பெட்ரோல், காஸ் ஏற்ற வேண்டுமென்றால் மூன்று நாள் பயிற்சி பெற்ற சான்றிதழ் வேண்டும். இங்கிலீஷும் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். இதைச் சொன்னதும் பையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஒன்று சொல்கிறேன், அம்மா. 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சாதாரணச் சரக்கு வண்டியை இவன் கையில் இருக்கிற கார் லைசென்ஸை வைத்தே ஓட்டலாம். ஒரு வருஷம் அதில் தக்காளியும் வெங்காயமும் ஏற்றட்டும். பாரம் ஏறினால் பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று தெரியும். டிரெய்லர் எங்கே ஓடிவிடப் போகிறது?"

பையன் முகம் தொங்கிவிட்டது. தங்கை அடகுச் சீட்டைத் தேட உள்ளே போனாள்.