மழை நாட்டில் மிளகாய் வற்றல்

நம் நாட்டில் மிளகாய்ச் செடி ஆண்டு முழுவதும் காய்க்கிறது. ஆனால், சம்பாலுக்கு நாம் வாங்கும் காய்ந்த மிளகாய் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வருகிறது. இங்கே வெயிலுக்கா பஞ்சம்? இல்லை. சிக்கல் காற்றில் இருக்கிறது.

பழுத்த மிளகாயில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நீர்தான். நெடுநாள் கெடாமலிருக்க, அது 10 விழுக்காட்டளவுக்கு இறங்க வேண்டும். அந்த நீரை வாங்கிக்கொள்ள வேண்டிய காற்றோ, நம் ஊரில் ஏற்கெனவே ஈரமானது. பகலில் காய்ந்தது இரவில் மீண்டும் நமத்துப்போகும். மிளகாய்த் தோலில் மெழுகுப் படலமும் உண்டு. முழுதாகப் பரப்பினால் உள்ளிருக்கும் நீர் வெளியேறுமுன் காம்பருகே பூஞ்சணம் பிடித்துவிடும்.

"தட்டிவிட்டு வறுத்தால் போயிற்று" என்று சொல்பவர்கள் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள். இந்த ஒன்றில் மட்டும் பெரியவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம். சில பூஞ்சணங்கள் அஃப்லாடாக்சின் என்னும் நஞ்சைச் சுரக்கின்றன. கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும் இந்நஞ்சு சாதாரணச் சமையல் சூட்டில் முழுமையாக அழிவதில்லை. பூத்த மிளகாயைக் கழுவிப் பயனில்லை, எறிந்துவிடுங்கள்.

எனவே மிளகாயை நீளவாக்கில் கீறுங்கள். தரையில் பரப்பாமல், கீழிருந்தும் காற்றுப் படும்படி முறத்திலோ கம்பி வலையிலோ இடுங்கள். பிற்பகல் மழைக்கு முன்பே உள்ளே எடுத்து, இரவில் மின்விசிறியின் கீழ் வையுங்கள். புகைமூட்ட நாள்களில் வெளியே வைக்கவே வேண்டாம். ஓவன் இருந்தால் 60 டிகிரி போதும்; நீராவி வெளியேறக் கதவைச் சற்றே திறந்து வைக்க வேண்டும். (விடுதியில் முயல வேண்டாம். மாடி முழுதும் தும்மும்!)

நம் பாட்டிமாரின் மோர் மிளகாய் இந்த வானிலைக்கு இன்னும் பொருத்தமானது. கீறிய பச்சை மிளகாயை உப்பிட்ட தயிரில் இரவு ஊறவைத்து, பகலில் காயவைத்து, மாலையில் அதே தயிரில் மீண்டும் போடுவார்கள். தயிர் வற்றும்வரை இது தொடரும். உப்பும் புளிப்பும் பூஞ்சணத்தைத் தடுப்பதால், வெயில் ஒருநாள் ஏமாற்றினாலும் மிளகாய் எளிதில் கெடாது. அதன்பின் நன்றாகக் காயவைத்து எடுப்பார்கள்.

எந்த வற்றலானாலும், வளைத்தால் முறிய வேண்டும். குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும். ஆறியபின் கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி, வெளிச்சம் படாமல் வையுங்கள். வெளிச்சம் பட்டால் நிறம் மங்கும். முதல் வாரம் புட்டியின் உட்புறத்தைப் பாருங்கள். நீர்த்துளி தெரிந்தால், அன்றே வெளியே கொட்டி மீண்டும் காயவைக்க வேண்டும்.